பிள்ளைக்கு முதல் ஹோம்கமிங்: டெக்சஸ் தமிழ்ப் பெற்றோருக்கு முழு வழிகாட்டி

டெக்சஸில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறக்கும். ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளை, செப்டம்பர் பிறப்பதற்குள் வரிசையாகக் கேள்விகளைக் கொண்டுவந்து வைக்கும். மம் (ரிப்பன் தொங்கும் பூ அலங்காரம்) வாங்கலாமா? வெள்ளிக்கிழமை மேட்ச்சுக்குக் கொண்டுபோய் விடுவீங்களா? சனிக்கிழமை டான்ஸுக்குப் போகலாமா? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரணும்? நாம் படித்த பள்ளிகளில் ஆண்டு விழா உண்டு, விளையாட்டு விழா உண்டு. ஹோம்கமிங் மாதிரி ஊரே சேர்ந்து ஒரு வாரம் கொண்டாடும் பள்ளி விழா என்று ஒன்று இருந்ததில்லை. அதனால் 'அதெல்லாம் வேண்டாம்' என்று ஒரேயடியாக மறுப்பதோ, விவரம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பிறகு கார்டு பில்லைப் பார்த்து விழிப்பதோதான் நடக்கிறது.

இதை டல்லாஸ் பக்கத்துப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, காப்பெல், இர்விங் என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்கள் இவை. ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருந்தாலும், ஆஸ்டின் பக்கம் ரவுண்ட் ராக்கில் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்கள் மம் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். அந்தப் பைத்தியம் டெக்சஸுக்கும் பக்கத்தில் சில இடங்களுக்கும் மட்டும் உரியது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோம்கமிங்கை ஒரு டான்ஸ் என்று நினைத்துக்கொண்டுதான் நம் வீடுகளில் சண்டை வருகிறது. உண்மையில் அது ஐந்தாறு தனித்தனி விஷயங்கள் சேர்ந்த ஒரு வாரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரி, வேண்டாம் சொல்லலாம். ஒன்றே ஒன்றுக்குத்தான் சரி சொல்ல முடியும் என்றால், வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குச் சொல்லுங்கள். டான்ஸ் கடைசி.

முதலில், இது என்ன விழா?

படித்து முடித்துப் போன பழைய மாணவர்களை வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு, அவர்கள் முன்னால் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஆடிக் காட்டுவது. கல்லூரிகளில் ஆரம்பித்த வழக்கம் இது. 1909ல் டெக்சஸின் வேக்கோவில் பெய்லர் பல்கலைக்கழகம், 1910ல் இல்லினாய், 1911ல் மிசூரி என மூன்றுமே நாங்கள்தான் முதல் என்று இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. பின்னால் அது ஹைஸ்கூல்களுக்கு வந்தது. இப்போது பழைய மாணவர்கள் என்பது பேருக்குத்தான்; படிக்கிற பிள்ளைகளின் விழாவாகவே ஆகிவிட்டது.

ஏன் வெள்ளிக்கிழமை? ஹைஸ்கூல் ஃபுட்பாலுக்கு இங்கே அது நேர்ந்துவிட்ட நாள். செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் என்.எஃப்.எல். எனும் தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் ஆட்டங்கள் டிவியில் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு வரும் கூட்டம் குறையக்கூடாது என்று 1960களில் மத்திய அரசு சட்டத்திலேயே எழுதிவைத்த ஏற்பாடு அது. ஆனால் பெரிய பள்ளி மாவட்டங்களில் பத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று ஸ்டேடியங்களைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே வியாழக்கிழமையும் ஆட்டம் வரும். உங்கள் பள்ளிக்கு என்று என்பதைப் பார்த்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

ஆகஸ்டில்: காலண்டரை எடுத்து உட்காருங்கள்

ஹோம்கமிங் தேதி பெரும்பாலும் செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில் விழும். பள்ளியின் இணையதளத்தில் பள்ளி திறக்கும்போதே போட்டிருப்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நவராத்திரி பல வருடங்களில் இதன் மேலேயே வந்து விழும். கொலு வைக்கிற வீடு என்றால், வெள்ளி, சனி மாலைகளில் உங்களைக் கூப்பிடும் வீடுகளும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் நிறைய இருப்பார்கள். பிள்ளை இல்லாத கொலு வேண்டாம் என்று தோன்றினால் வியாழனிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஆட்களைக் கூப்பிடுங்கள். அந்தச் சனிக்கிழமை நாள் முழுக்க போட்டோ, சாப்பாடு, டான்ஸ் என்று போய்விடும். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, பாட்டு, பரதம் வகுப்பு இருந்தால் அந்த ஆசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே பாட்டு டீச்சர்களுக்கு ஹோம்கமிங் தேதி நம்மைவிட நன்றாகவே தெரியும்.

அக்டோபரில் பி.எஸ்.ஏ.டி. தேர்வு வரும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான வாசல் என்பதால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மார்ச்சிங் பேண்டில் இருந்தால் உங்கள் காலண்டர் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்: வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம், சனிக்கிழமைதோறும் போட்டி. சில பேண்ட் பிள்ளைகள் டான்ஸுக்குப் போட்டி முடிந்து நேராகப் பேருந்திலிருந்து இறங்கித்தான் வருவார்கள்.

அப்புறம் மார்க். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. டெக்சஸில் 1984லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால், மூன்று வாரத்துக்கு விளையாட்டு, பேண்ட், நாடகம் எதிலும் போட்டிக்கோ நிகழ்ச்சிக்கோ இறங்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் போகலாம். டல்லாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ தலைமை தாங்கிய குழுவின் சிபாரிசில் வந்த சட்டம் இது. ஃபுட்பால் பயிற்சியாளர்கள் அன்று கொதித்துப்போனார்கள். முதல் ஆறு வார மதிப்பெண் வருவது ஏறக்குறைய ஹோம்கமிங் சமயத்தில்தான். டிரம்பெட் வாசிக்கிற பிள்ளைக்குக் கணக்கில் 68 வந்தால் ஆட்டத்தின் இடைவேளையான ஹாஃப்டைமில் பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்தே பள்ளியின் மதிப்பெண் செயலியை நீங்களும் திறந்து பாருங்கள். சில அட்வான்ஸ்டு வகுப்புகளுக்கு விலக்கு உண்டு. எந்தெந்த வகுப்பு என்பதைப் பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

காசைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

பிள்ளையைக் கூப்பிட்டு, 'இந்த வாரத்துக்கு மொத்தம் இவ்வளவு. எதில் போடுவது என்பது உன் இஷ்டம்' என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. டிக்கெட், துணி, மம், சாப்பாடு, ஸ்பிரிட் வீக் (நாளுக்கு ஒரு வேஷம் போடும் வாரம்) சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத் தெரியும்; கூட்டிப் பார்த்தால் 500 டாலரைத் தொட்டுவிடும். தொகையைக் கையில் கொடுத்துவிட்டால் பதினான்கு வயதுப் பிள்ளைகூட வியக்கும்படி சிக்கனம் பிடிக்கும். 'அந்த ஷூ போன வருஷக் கல்யாணத்துக்கு வாங்கினதே போதும்மா' என்று அதுவே வந்து சொல்லும்.

மம்: டெக்சஸின் சொந்தச் சரக்கு

மம் என்பது கிரிஸான்திமம், நம் சாமந்திக் குடும்பத்துப் பூ. 1930களில் ஹோம்கமிங் அன்று பையன்கள் பெண்களுக்கு நிஜப் பூவில் இரண்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். 1970கள் வாக்கில் துணிப்பூ வந்தது. துணிப்பூ வாடாது, கனம் தாங்கும். அவ்வளவுதான், டெக்சஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரிப்பன் முழங்காலுக்கு இறங்கியது. மணி, பொம்மைக் கரடி, இறகுச் சரம், எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஏறின. இன்று ஒரு சீனியர், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பெண், மம் மாட்டிக்கொண்டு நடந்து வந்தால் தேரில் தொங்கும் தொம்பைதான் நினைவுக்கு வரும். சத்தமும் அப்படித்தான்: அந்த வெள்ளிக்கிழமை பள்ளி நடைபாதை முழுக்க மணிச் சத்தம்.

பெண்கள் மாட்டுவது மம். பையன்கள் கைப்புஜத்தில் போட்டுக்கொள்வது கார்ட்டர். அதே சமாச்சாரம்தான், சின்ன அளவில், எலாஸ்டிக் பட்டையில். வழக்கப்படி பையன் வீட்டில் பெண்ணுக்கு மம் வாங்குவார்கள், பெண் வீட்டில் பையனுக்கு கார்ட்டர். இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் புருவம் உயரும். உயர வேண்டாம். இரண்டு தோழிகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது சாதாரணம். தன் பிள்ளைக்குத் தானே வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அதைவிட அதிகம். எவரோடும் ஜோடி சேராத பிள்ளையும் தாராளமாக மாட்டிக்கொண்டு போகலாம்.

நிறத்தில் மட்டும் ஒரு விதி இருக்கிறது, அதை மீறாதீர்கள். வெள்ளையும் வெள்ளியும் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும். மற்ற வகுப்புகள் பள்ளியின் நிறங்களில் கட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வெள்ளி ரிப்பன் பளபளக்கப் போனால் எவரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் நாள் முழுக்கக் கிண்டல் இருக்கும்.

விலை. கடையில் தயாராகக் கிடைக்கும் சின்னது 40, 50 டாலரில் முடியும். சொல்லிச் செய்து வாங்கினால் 100லிருந்து 300 வரை. சீனியர்களுக்கான மூன்று பூ, நான்கு பூ வைத்தவை 500ஐயும் தாண்டும். செய்து தருபவர்களுக்கு ஆகஸ்டிலேயே ஆர்டர் நிரம்பிவிடும். பூஸ்டர் கிளப் எனும் ஆதரவுக் குழுக்களும் பெற்றோர் சங்கமும் நிதி திரட்டுவதற்காக விற்பதுண்டு. காசு பேண்டுக்கோ நாடகக் குழுவுக்கோ போகும், விலையும் நியாயமாக இருக்கும்.

ஆனால் முதல் வருடம் வீட்டில் செய்வதுதான் சரி என்பேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். ஹாபி லாபி, மைக்கேல்ஸ் இரண்டிலும் ஆகஸ்டில் இதற்கென்றே தனி வரிசை ஒதுக்கிவிடுவார்கள். பள்ளி நிறங்களில் ரிப்பன், துணிப்பூ, அட்டை, ஸ்டிக்கர் எழுத்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஸ்டேப்ளரும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் வீட்டில் இருக்க வேண்டும்.

செய்முறை இதுதான். வட்ட அட்டையின் ஓரத்தைச் சுற்றி, ஒரு சாண் நீள ரிப்பன் துண்டுகளை மடித்து வளையமாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே வாருங்கள். ஒரு நிறம் ஒரு சுற்று, அதற்கு உள்ளே அடுத்த நிறம் இன்னொரு சுற்று. இடைவெளி தெரியாமல் நெருக்கமாக அடித்தால்தான் பார்க்க நிறைவாக இருக்கும். நடுவில் பூவைப் பசை வைத்து ஒட்டுங்கள். பூவின் மேல் சின்னக் கரடியோ, பிள்ளை என்ன வாசிக்கிறதோ ஆடுகிறதோ அதன் பொம்மையோ.

அடுத்தது தொங்கும் ரிப்பன்கள். இருபது, முப்பது ரிப்பன்களைத் தோராயமாகப் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் வரும் நீளத்தில் வெட்டி, ஒரு அட்டைப் பட்டையில் வரிசையாக அடித்து, அதைப் பூவட்டத்தின் பின்புறம் பொருத்த வேண்டும். அகல ரிப்பன் பின்னால், ஒல்லி ரிப்பன் முன்னால். சும்மா தொங்கும் ரிப்பன்களுக்கு நடுவே மூன்று நான்கு பின்னல்கள் வந்தால்தான் அது மம். மிலிட்டரி பிரெய்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு ரிப்பனை மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போவது. வீடியோ பார்த்தால் வந்துவிடும். சரம் தொடுத்துப் பழகிய கை என்றால் வீடியோவே தேவைப்படாது. என் சிநேகிதியின் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒருமுறை பார்த்துவிட்டுக் கடகடவென்று பின்னிப் போட்டார், பேத்தியின் தோழிகளுக்கும் சேர்த்து.

எழுத்து ஒட்டும் வேலையை ரிப்பனைப் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மேஜையில் படுக்க வைத்து ஒட்டினால்தான் எழுத்து கோணாமல் வரும். ஒரு அகல ரிப்பனில் பிள்ளையின் பெயர், ஒன்றில் பள்ளிப் பெயர், ஒன்றில் வருடம். கொடுத்தவர் பெயரும் ஒரு பட்டையில் வரும். நம் பிள்ளைகளின் பெயர்களில் ஆங்கில 'ஏ' எழுத்து அதிகம். ஒரு அட்டை ஸ்டிக்கரில் அது தீர்ந்துபோகும், இரண்டு அட்டை வாங்குங்கள். ஒட்டிய எழுத்தின் மேல் துளிப் பசையும் வையுங்கள், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் பாதிப் பெயர் உதிர்ந்திருக்கும்.

கடைசியாக மாட்டும் வழி. சின்ன மம் என்றால் சட்டையில் ஊக்கு குத்தினால் போதும். பெரியதைக் கழுத்தில் தொங்கும் அகல ரிப்பனில் கட்டுங்கள். காரில் உட்காரும்போதும் கழிப்பறைக்குப் போகும்போதும் பிள்ளை தானே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும்.

ஸ்பிரிட் வீக்

திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு வேஷம். ஒரு நாள் பைஜாமா, ஒரு நாள் இரட்டையர் மாதிரி உடை, ஒரு நாள் 80கள் அல்லது 90கள், வெள்ளியன்று பள்ளி நிறம். பட்டியல் முந்தைய வாரம் வரும். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 90கள் நாளுக்கு அப்பாவின் பீரோவே போதும். வேஷம் போட விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் நாள் சாதாரண உடையில் போய், மற்றவர்கள் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, புதன்கிழமையிலிருந்து தானே ஆரம்பிக்கிற பிள்ளைகள் நிறைய.

ஹோம்கமிங் கோர்ட் எனும் ராஜசபைக்கான தேர்தலும் இந்த வாரம்தான். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கிங், குயின். கீழ் வகுப்புகளிலிருந்து டியூக், டச்சஸ் அல்லது பிரின்ஸ், பிரின்சஸ். பல பள்ளிகள் இப்போது ஆண், பெண் பேதமில்லாமல் 'ராயல்டி' என்று பொதுவாக வைத்துவிட்டன. மாணவர்களே ஓட்டுப் போடுவார்கள். உங்கள் பிள்ளை தேர்வானால், ஆட்டத்தின்போது களத்தில் அதன் கையைப் பிடித்து நடக்கப் பெற்றோரைக் கூப்பிடும் பள்ளிகளும் உண்டு. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நடந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொல்லப்போனால் கைதட்டல் அதிகம் வரும். ஹீல்ஸ் மட்டும் வேண்டாம், புல்லில் புதையும்.

வெள்ளிக்கிழமை

காலையில் மம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு. மத்தியானம் கடைசி வகுப்பு நேரத்தில் ஜிம்மில் அணியை உற்சாகப்படுத்தும் பெப் ராலி: டிரம்லைன், சியர்லீடர்கள், டிரில் டீம் நடனக் குழு, காதைப் பிளக்கும் கத்தல். பெற்றோருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் நூலகத்திலோ வேறு அறையிலோ உட்கார ஏற்பாடு உண்டு. ஆலோசகரிடம் முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் போதும்.

மாலை ஆட்டம் ஏழு, ஏழரைக்கு. டிக்கெட்டை வாசலில் காசு கொடுத்து வாங்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. முன்பே ஆன்லைனில் வாங்கி, போனில் காட்ட வேண்டும். ஸ்டேடியம் வாசலில் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பை உள்ளே போகாது. உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் பல மாவட்டங்களில் அனுமதி.

ஸ்டேடியத்தை முதல் தடவை பார்க்கும்போது இது பள்ளிக்கூடத்துடையதா என்று சந்தேகமே வரும். ஆலன் நகரின் பள்ளி ஸ்டேடியம் 2012ல் சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டது, 18,000 பேர் உட்காரலாம். (இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு, ஒரு சீசன் முழுக்க மூடிவைத்துப் பழுது பார்த்தார்கள் என்பது தனிக் கதை.) ஃப்ரிஸ்கோ பிள்ளைகள் டல்லாஸ் கௌபாய்ஸ் என்.எஃப்.எல். அணி பயிற்சி எடுக்கும் ஃபோர்டு சென்டரிலேயே ஆடுகிறார்கள்.

ஹோம் பக்கம், விருந்தினர் பக்கம் என்று இருக்கைகள் பிரிந்திருக்கும். பள்ளி நிறச் சட்டையோடு ஹோம் பக்கம் உட்காருங்கள். உங்கள் பிள்ளை மாணவர் பகுதியில் நண்பர்களோடு நிற்கும். அங்கே போய் எட்டிப் பார்க்காதீர்கள். இதை அனுபவஸ்தர் எல்லோரும் சொல்வார்கள்.

ஆட்டம் புரிய இவ்வளவு போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 1. தூரத்திலிருந்து உதைத்து மட்டும் போட்டால் 3. நம் அணி தடுக்கும்போது, அதுவும் மூன்றாவது வாய்ப்பில், தொண்டை கிழியக் கத்த வேண்டும். எதிரணியின் கட்டளை காதில் விழக்கூடாது. நம் அணியிடம் பந்து இருக்கும்போது அமைதி காக்க வேண்டும். இது தெரியாமல் தலைகீழாகக் கத்தினால் பக்கத்தில் இருக்கும் தாத்தா திரும்பிப் பார்ப்பார். அவர் அந்தப் பள்ளியில் படித்தவராக இருப்பார், பேச்சுக் கொடுங்கள்.

கடைகளில் இருப்பது நாச்சோ, பாப்கார்ன், ஹாட் டாக், முழு ஊறுகாய் வெள்ளரி. ஃப்ரிட்டோ பை என்பது சோளச் சில்லின் மேல் மாட்டிறைச்சிச் சில்லி ஊற்றியது. சைவமோ மாட்டிறைச்சி தவிர்ப்பவரோ கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்பவர்கள் சம்பளம் வாங்காமல் உதவும் பெற்றோர்களே. அடுத்த வருடம் நீங்களும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால், ஊர்க்காரர்களோடு பழக அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஹாஃப்டைமில் எழுந்து போகாதீர்கள். கோர்ட் அறிவிப்பும் மார்ச்சிங் பேண்டும் அப்போதுதான். ஜூலை வெயிலில் தார் ரோட்டில் நின்று பழகிய பிள்ளைகள் ஒரே காலடியில் வளைவதையும் பிரிவதையும் பார்ப்பதற்காகவே வரும் கூட்டம் இருக்கிறது.

சனிக்கிழமை டான்ஸ்

டான்ஸே இல்லாத பள்ளிகளும் டெக்சஸில் உண்டு. முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருந்தால், அதற்கு இரண்டு வாரம் முன்பே போஸ்டர் அட்டையோடு ஒருவரை ஒருவர் 'கேட்கும்' சடங்கு தொடங்கும். அட்டையில் ஒரு சிலேடை, கையில் பூவோ டோநட்டோ, பக்கத்தில் படம் எடுக்க ஒரு நண்பர். உங்கள் பெண்ணை யாராவது கேட்டால் அது காதல் என்று முடிவு கட்ட வேண்டாம்; நட்பில் கேட்பவர்களும் அதிகம். ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் ஆறேழு பேர் கூட்டமாகத்தான் போகிறார்கள். கேள்வி கேட்க வேண்டுமானால் 'யாரோட போறே?' என்பதைவிட 'க்ரூப்ல யார் யார், யார் வீட்ல போட்டோ, யார் கார்?' என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

டிக்கெட் வாசலில் விற்க மாட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளையை அழைத்து வருவதானால் விருந்தினர் படிவம் வேண்டும், அந்தப் பள்ளியின் கையெழுத்தோடு. அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, பிள்ளைகள் அதைத்தான் மறப்பார்கள். உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் மறுபடி விட மாட்டார்கள். ஆசிரியர்களும் காவல் அதிகாரியும் இருப்பார்கள்.

உடை: வசந்தத்தில் வரும் பிராம் டான்ஸ் அளவுக்குத் தடபுடல் இல்லை. பெண்கள் முழங்கால் அளவில் ஒரு டிரெஸ், பையன்கள் சட்டை, டை, பேன்ட். கோட் இருந்தால் போடலாம். டிரெஸ் கோடை ஒருமுறை படியுங்கள். நீளம் பற்றி வீட்டில் வாதம் வந்தால் பள்ளியின் விதியைக் காட்டுவது அம்மாவின் விதியைக் காட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும். கடைக்குச் செப்டம்பர் தொடக்கத்திலேயே போங்கள். பாவாடை தாவணியிலோ லெஹங்காவிலோ போன பிள்ளைகளும் உண்டு; பிள்ளைக்கே தோன்றினால் நல்லது, நீங்கள் தூண்ட வேண்டாம்.

போட்டோதான் பெற்றோருக்கான பகுதி. மாலை ஐந்து மணிக்கு ஒரு பூங்காவிலோ ஏரிக்கரையிலோ எல்லாக் குடும்பமும் கூடும். போய் நில்லுங்கள், மற்ற பெற்றோரின் போன் எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றுக்கு அந்த எண்கள் தேவைப்படும். சாப்பாட்டுக்கு உணவகத்தில் பன்னிரண்டு பேருக்கு இடம் பிடிப்பது பெரிய பாடு. யாராவது ஒரு வீட்டில் போட்டுவிடுவது மேல். நம் வீடு என்றால் இன்னும் நல்லது. பாஸ்தாவும் பீட்ஸாவும் வைத்து, ஓரத்தில் சிக்கன் 65 வைத்தால் எது முதலில் காலியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

டான்ஸ் முடிந்த பின் எங்கே என்பதைத்தான் உறுதியாகப் பேசிவைக்க வேண்டும். பள்ளிக்குள் கவலை இல்லை. அதற்குப் பிந்தைய பார்ட்டிதான் விஷயம். இங்கே மது அருந்தும் வயது 21. பிறர் பிள்ளைக்குத் தன் வீட்டில் மது கொடுப்பது டெக்சஸில் குற்றம். எந்த வீடு, பெரியவர்கள் இருக்கிறார்களா என்று அந்த வீட்டுக்கே போன் செய்து கேட்பதில் கூச்சம் வேண்டாம், அமெரிக்கப் பெற்றோரும் கேட்பார்கள். 'எப்போ வேணும்னாலும் கூப்பிடு, வந்து கூட்டிட்டுப் போறேன், அன்னிக்கு ராத்திரி கேள்வி கேட்க மாட்டேன்' என்று சொல்லிவையுங்கள். சொன்னால் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

கார் பற்றி: டெக்சஸில் 18 வயது ஆகாதவரின் தற்காலிக லைசென்ஸில், குடும்பத்தைச் சேராத 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை, வேலை, பள்ளி நிகழ்ச்சி, அவசரம் தவிர ஓட்டவும் கூடாது. பதினொன்றாம் வகுப்பு அண்ணன் ஐந்து பேரை அள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறான் என்றால் அதற்கு 'வேண்டாம்' சொல்லுங்கள். நம் மினிவேன்கள் இருப்பதே இதற்குத்தான்.

போக விரும்பாத பிள்ளை

பல பிள்ளைகள் டான்ஸுக்குப் போவதில்லை. அன்று இரவு நான்கு பேர் சேர்ந்து வீடியோ கேம் ஆடுவதும் ஹோம்கமிங்தான். ஆனால் 'எனக்குப் பிடிக்கலை' என்பதும் 'என்னை யாரும் க்ரூப்ல சேர்த்துக்கலை' என்பதும் வேறு வேறு. ஒன்பதாம் வகுப்பில், அதுவும் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு, இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அப்படியானால் அறிவுரை வேண்டாம். அதே நிலையில் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்களையும் உங்கள் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாணவர் பகுதியில் நிற்க ஜோடியோ க்ரூப்போ தேவையில்லை. சட்டை நிறம் சரியாக இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை

தூங்க விடுங்கள். மத்தியானம் எழுந்ததும் வீட்டுப்பாடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஆசிரியர்கள் அந்த வாரத்துக்கு விட்டுக்கொடுத்ததைத் திங்களன்று வசூலிப்பார்கள்.

மம்மை அறைச் சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டுவது வழக்கம். எல்.இ.டி. பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். அப்புறம் கைவினைக் கடைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். மிஞ்சிய மம் சாமான்களை விலை குறைத்துத் தள்ளும் சமயம் அது. பள்ளி நிற ரிப்பனும் எழுத்து ஸ்டிக்கரும் அடுத்த இரண்டு வருடத்துக்கு வாங்கி வைக்கலாம். மூன்றாவது வருடத்துக்கும் சேர்த்து வாங்காதீர்கள், அப்போது வெள்ளையும் வெள்ளியும்தான் வேண்டும்.